ஓட்டை பஸ்ஸில் ஹோல்டான் கிடையாது

ஆவரங்குளத்துல டிவி இருக்கிற ஒவ்வொரு வீட்டுலயும், அந்தப் பங்குனி மாசத்து ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு, யாரும் சுவிட்சைத் தொடாமலே 'ஓட்டை பஸ்' ஓட ஆரம்பிச்சுச்சு. செவுத்துல மாட்டின பெரிய டிவியிலயும் ஓடுச்சு, பரண்ல கிடந்து எலி குட்டி போட்ட பழைய டிவியிலயும் ஓடுச்சு, சலூன் கடையில கண்ணாடிக்கு மேல தொங்குற டிவியிலயும், ரிப்பேர் கடையில வயித்தைத் தொறந்து போட்டிருந்த டிவியிலயும் ஓடுச்சு, ஊர்க்காரங்க 'ஐ, நம்ம ஓட்டை பஸ்!'னு இட்லித் தட்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்து பாத்தாக. நின்னுபோயி முப்பது வருசத்துக்கு மேல ஆன ஒரு பிள்ளைக நாடகம் எப்படித் திரும்ப வருதுன்னு ஒருத்தரும் கேக்கல. கரண்டு பில்லு கூடுமான்னு மட்டும் கேட்டாக.

நான் சீனியம்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மாவு மில்லு வச்சிருக்கேன். மில்லுச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசியே என் தொண்டை இப்படி ஆயிப்போச்சு, நான் ரகசியம் சொன்னாலும் நாலு தெருவுக்குக் கேக்கும்னு கேலி பேசுவாக. கேக்கட்டும். என் மில்லுல ஒரே ஒரு சட்டம்தான். முதல்ல அரிசி, அப்புறம் கோதுமை, எல்லாரும் போனதுக்கப்புறம் கடைசியாத்தான் மிளகா வத்தல். வத்தலை முதல்ல போட்டா அடுத்து அரைக்கிறவங்க மாவெல்லாம் காரமேறிரும், வரிசையில நிக்கிறவங்க இருமியே செத்துருவாங்க. கல்யாண வீடா இருந்தாலும் சரி, கவுன்சிலர் வீடா இருந்தாலும் சரி, இந்தச் சட்டத்தை நான் மாத்தினதில்ல.

ஓட்டை பஸ்னா என்னன்னு தெரியாத பிள்ளைகளும் இப்ப இருப்பீக, சொல்லிர்றேன். ஒரு வேப்பமரத்தடியில ஓடாத பஸ் ஒண்ணு நிக்கும். அதுல அஞ்சு பிள்ளைக. கண்டக்டர் ஒரு காக்கா, கறுப்புத் துணியில தைச்ச பொம்மை. வாராவாரம் ஊர்ல ஏதாவது ஒண்ணு காணாமப்போகும், உடனே காக்கா ரெண்டு விசில் ஊதி 'போலாம் ரைட்!'னு கத்தும், பிள்ளைக துப்பறியக் கிளம்பிரும். ஞாயித்துக்கிழமை காலையில தமிழ்நாடே இதைத்தான் பாத்துச்சு. படம் பிடிச்சது எங்க ஊர்ல. அஞ்சுல மூணு மெட்ராஸ்ல இருந்து வந்த பிள்ளைக, மிச்ச ரெண்டு எங்க ஊருப் பிள்ளைக. ஒருத்தன் டிரில் வாத்தியார் மகன் வசந்தன், அவன்தான் கேப்டன். இன்னொருத்தன் என் தம்பி காளிராசு, நாடகத்துல அவனுக்கு வாலுன்னு பேரு.

கேப்டன் யோசிப்பான், கண்ணாடி போட்ட பிள்ளை கண்டுபிடிக்கும், குட்டிப்பிள்ளை சிரிக்கும், வாலு மட்டும் ஏறுவான், இறங்குவான், சாக்கடைக்குள்ள கையை விடுவான், கூரை ஓட்டைப் பிரிச்சு உள்ள குதிப்பான், நாய் கடிச்சா அவனைக் கடிக்கும், அடி விழுந்தா அவனுக்கு விழும். கடைசியில எல்லாப் பிள்ளைகளும் பஸ் சீட்டுல உக்காந்து பிஸ்கட் சாப்பிடும், அவன் கீழ தரையில உக்காந்து சாப்பிடுவான். அதை யாரும் எழுதிக் குடுக்கலையாம், அவனாத்தான் போயி உக்காந்தானாம். ஒரு பேட்டியில நாடகத்தோட டைரக்டர் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கான். எட்டு வயசுப் பிள்ளை சீட்டு காலியா இருக்கும்போது ஏன்டா தரையில போயி உக்காருது? அதை அவனுக்கு எவன்டா சொல்லிக் குடுத்தது?

எங்க குடும்பம் கிணறு வெட்டுற குடும்பம். ஆவரங்குளத்தைச் சுத்தி இருக்கிற கிணறு பாதி எங்க அப்பா, பெரியப்பா, தாத்தா வெட்டினது. கோயில் மணி காணாமப்போன கதையை எடுத்த அன்னைக்கு, மணியைக் கிணத்துக்குள்ள போட்டுட்டாக, வாலு கயித்தைப் பிடிச்சு இறங்கி எடுக்கணும். சங்கரவேல் மொதலாளி தோட்டத்துக் கிணறு. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு விட்டு ஊரே போயி சுத்தி நிக்குது. நானும் அப்பாவும் அம்மாவும் அன்னைக்குப் பக்கத்து ஊர்ல வேலையில இருந்தோம், நான் சரளை சுமந்துக்கிட்டிருந்தேன். கயிறு கட்டுற ஆளு கேட்டிருக்கான், 'பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?'ன்னு. அவனாச்சும் கேட்டான், புண்ணியவான். அரிசி மண்டி சங்கரவேல் மொதலாளி வெத்தலையைத் துப்பிட்டுச் சொன்னாராம், 'கிணறு வெட்டுறவன் மகனுக்கு நீச்சல் தெரியாமலா இருக்கும்? சும்மா இறக்குங்க சார்.' கூட்டமே சிரிச்சுதாம்.

அட அறிவுகெட்டவங்களா! கிணறு வெட்டுறவன் காஞ்ச குழியிலதானடா வேலை பாக்குறான்! தண்ணி ஊறி கரண்டைக்கால் நனைஞ்சாலே எங்க வேலை முடிஞ்சுபோச்சு, கும்பிடு போட்டுட்டு அடுத்த காஞ்ச நிலத்துக்கு நடையைக் கட்டிருவோம். தண்ணி நிறைஞ்சதும் குதிச்சு நீச்சல் பழகுறது நிலத்துக்காரன் மகன். எங்க அப்பாவுக்கு நீச்சல் தெரியாது, தாத்தாவுக்குத் தெரியாது, எங்க தலைக்கட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. நாங்க வெட்டின கிணத்துல எங்களை எவன் இறங்கிக் குளிக்க விட்டான், நீச்சல் தெரிய?

காக்கா ரெண்டு விசில் ஊதுச்சு. 'போலாம் ரைட்!' அவ்வளவுதான். பாதியில கயிறு நழுவிருச்சு.

இதெல்லாம் எனக்குச் சொன்னது நூர்ஜகான். எங்க தெருக்காரி, அப்ப அவளுக்கு ஒன்பது வயசு, சைக்கிள் கேரியர்ல ஏறி நின்னு பாத்திருக்கா. ஊர்ல வேற யாரும் சொல்லல.

படக் கம்பெனிக்காரங்க வந்து ஒரு கலர் டிவி குடுத்துட்டுப் போனாக. எங்க தெருவுக்கே அதுதான் முத டிவி. எங்க அப்பா அதைத் தொடவே இல்ல, ஆனா தெருக்காரங்க தொட்டாக. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு நாப்பது பேரு எங்க வீட்டுல வந்து உக்காந்தாக, ஓட்டை பஸ் பாக்க, என் தம்பிக்குக் காரியம் முடியாத வீட்டுல, தரையில இடமில்லாம வாசல்ல நின்னு எட்டிப் பாத்தாக, எங்க அம்மா எல்லாத்துக்கும் செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. டிவியில காக்கா சொல்லுச்சு, 'வாலு பம்பாய்க்கு மாமா வீட்டுக்குப் போயிட்டான், போலாம் ரைட்!' பிள்ளைக சிரிச்சுக்கிட்டே கிளம்பிருச்சு.

எங்க அம்மா செம்போட நின்னு, 'பம்பாய்க்கா?'ன்னு கேட்டா.

வீட்டுல இருந்த ஒரே நாற்காலியில பிரேமாவதி டீச்சர் உக்காந்திருந்தாக. தம்பிக்குப் பாடம் எடுத்தவுக. அவுகதான் சொன்னாக, 'ஆமா தாயி, பம்பாய்க்குத்தான் போயிருக்கான். அப்படியே நெனச்சுக்கோ.'

நல்ல மனசுலதான் சொன்னாக. ஆனா பாருங்க, ஒரு மழைக்காலம் போறதுக்குள்ள 'நெனச்சுக்கோ' உதிர்ந்து போச்சு, பம்பாய் மட்டும் மிஞ்சுச்சு. என் கல்யாணத்துக்கு வந்தவங்க, 'தம்பி பம்பாய்ல இருந்து வரலியா?'ன்னு கேட்டாக. எங்க அப்பா செத்ததுக்கு வந்தவங்க, 'மகனுக்குத் தந்தி குடுத்தாச்சா?'ன்னு கேட்டாக. கிண்டல் இல்லைங்க, நெசமாவே கேட்டாக! ஊரே அந்தக் கிணத்தைச் சுத்தி நின்னுச்சு, ஊரே மறந்துருச்சு, எங்க அம்மாவும் சேந்து மறந்துட்டா. கடைசிக் காலத்துல கண்ணு மங்கிப்போயி, 'பம்பாய் ரயிலு வந்துருச்சா சீனி?'ன்னு கேட்டுக்கிட்டே போனா. அவ போன அன்னைக்கு அந்த டிவிக்கு மேல ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினேன். அதுக்கப்புறம் தொறக்கல.

இப்ப நெசக் கதைக்கு வர்றேன். பங்குனியில ஓட ஆரம்பிச்சது பழைய ஓட்டை பஸ் இல்ல. பஸ் அதுதான், வேப்பமரம் அதுதான், காக்கா அதேதான், நடந்தது மட்டும் வேற, அதுவும் வீட்டுக்கு வீடு வேற. சங்கரவேல் மொதலாளி வீட்டு டிவியில, அன்னைக்கு நாடகத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும்போது பயந்து அழுதுக்கிட்டே ஓடிவந்த அவரு மகன் பாலகுருதான் கேப்டன், பட்டுச்சட்டை போட்டுக்கிட்டு யோசிச்சான். பிரேமாவதி டீச்சர் வீட்டுல பிள்ளைக துப்பறியவே போகல, பஸ்ஸுக்குள்ளயே உக்காந்து வாய்ப்பாடு ஒப்பிச்சு, பரீட்சை எழுதி, அதுல ஒண்ணு கலெக்டராகி ஜீப்புல வந்து இறங்கி டீச்சருக்கு வணக்கம் வச்சுச்சு. நெசக் கேப்டன் வசந்தன் இப்ப பிளாட்டு விக்கிறான், பொழுதுசாஞ்சா குடிக்கிறான், அவன் வீட்டு டிவியில பஸ் வேப்பமரத்தை விட்டுக் கிளம்பிப் போயிக்கிட்டே இருந்துச்சு, நாடகம் நிக்கவே இல்ல. டீக்கடையில பிள்ளைகளே வரல, காக்கா மட்டும் படிக்கட்டுல உக்காந்து அரைமணி நேரம் அந்தப் படக் கம்பெனிக்காரனைக் கிழி கிழின்னு கிழிச்சுச்சு. நடுவுல சுவர் வச்சுப் பிரிச்சுக்கிட்ட அண்ணன் தம்பி வீட்டுல இந்தப் பக்கம் ஒரு முடிவு, அந்தப் பக்கம் ஒரு முடிவு, எது சரின்னு கட்டிப் புரண்டு ரெண்டு பேரும் பஞ்சாயத்துக்குப் போனாக.

நூர்ஜகான் வீட்டுல முக்காடு போட்ட ஒரு சின்னப்பிள்ளை டிரைவர் சீட்டுல உக்காந்துச்சு. பழைய நாடகத்துல ஒரே ஒரு பாய் வருவாரு, பிரியாணிச் சட்டியோட, எல்லாரும் சிரிக்கிறதுக்கு. இதுல அந்தப் பிள்ளைதான் திருடனைப் பிடிச்சுச்சு. 'அக்கா, இப்படி ஒரு பிள்ளையை அப்பவே காட்டியிருந்தா எங்க அத்தா என்னை ஏழாவதோட நிறுத்தியிருக்க மாட்டாரு'ன்னு கோதுமை டப்பாவை வச்சுக்கிட்டு என் மில்லுல நின்னு அழுதா. அவ அழுகையை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஊரு இதுக்கும் பழகிருச்சு. ஞாயித்துக்கிழமை ஒன்பது மணி முகூர்த்தத்தைத் தள்ளி வச்சாக, சர்ச்சுல பூசையை முன்னால இழுத்தாக, கறிக்கடையில ஒன்பதுல இருந்து ஒன்பதரை வரைக்கும் கத்தி விழுகல. பொண்ணு பாக்கப் போனவங்க, 'உங்க வீட்டுல பஸ் எப்படிப் போகுது?'ன்னு விசாரிச்சுட்டுத்தான் பஜ்ஜியில கைய வச்சாக. ரொம்பச் சோகமா ஓடுற வீட்டுல சம்பந்தம் பண்ண யோசிச்சாக. திங்கக்கிழமை காலையில எல்லாரும் டப்பாவோட என் மில்லுக்கு வந்து, அவங்கவங்க வீட்டுக் கதையை ஒருத்தருக்கொருத்தர் சொல்லி, 'எங்க வீட்டுல இப்படி', 'எங்க வீட்டுல அப்படி'ன்னு மில்லுச் சத்தத்துக்கு மேல கத்துவாக.

'சீனியக்கா, உங்க வீட்டுல என்ன ஓடுது?'

'நான் போடுறதில்ல.'

'போடவே வேண்டாம்க்கா, தானா வரும். அந்த வேட்டியை எடுங்க, போதும்.'

எடுக்கல. பயம்தான், வேற என்ன? ஆனா வாராவாரம் மாவு அள்ளிப் போட்டுக்கிட்டே காதைத் தீட்டி வச்சுக்கிட்டு ஒண்ணை மட்டும் எதிர்பாத்தேன். இத்தனை வீட்டுல இத்தனை கதை ஓடுதுல்ல? இன்னும் கொஞ்ச வாரத்துல கிணத்துக் கதை வரும்ல? ஊர்ல ஒரு வீட்டுல, ஒரே ஒரு வீட்டுல, ஒரு வாய் தொறந்து 'வேண்டாம், பிள்ளையை இறக்காதீக'ன்னு சொல்லிருமில்ல? அது போதும்னு இருந்துச்சு எனக்கு. அந்த வீட்டு வாசல்ல போயி நின்னு கும்பிட்டுட்டு வந்துருவேன்னு வேண்டிக்கிட்டேன்.

கிணத்து ஞாயித்துக்கிழமையும் வந்துச்சு, போச்சு. மறுநாள் மில்லுல வரிசை வாசலைத் தாண்டி நின்னுச்சு, எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே நின்னாக, நல்ல சேதி கொண்டாந்த மாதிரி.

'மில்லுக்காரம்மா, எங்க வீட்டுல உங்க தம்பி மீனு மாதிரி நீந்தி வந்துட்டான்!'

'எங்க வீட்டுல கிணத்துத் தண்ணியெல்லாம் பஞ்சாப் போச்சு, அப்படியே மெத்தையில விழுந்த மாதிரி விழுந்தான்.'

'எங்க வீட்டுல காக்கா பறந்துபோயி சட்டைக் காலரைப் பிடிச்சுத் தூக்கிருச்சு.'

'எங்க வீட்டுல எல்லைக்காளியே எந்திரிச்சு வந்தா தாயி! கையில ஏந்திக்கிட்டு வந்தா.'

'எங்க வீட்டுல அவன் இறங்கவே இல்ல, பம்பாய்ல இருந்து நேரா பெட்டியோட வந்து நின்னான்!'

நான் மெயினை ஆஃப் பண்ணேன். மில்லுப் பட்டை சுத்தி ஓய்ஞ்சு, ஊரே செவிடானாப்ல ஒரு அமைதி.

'யாராவது சொன்னீகளா?'ன்னு கேட்டேன்.

'என்னம்மா?'

'கிணத்தைச் சுத்தி நின்னீகளே, அங்க. உங்க உங்க வீட்டு டிவியில. யாராவது ஒருத்தர், பிள்ளைக்கு நீச்சல் தெரியாது, இறக்காதீகன்னு சொன்னீகளா?'

ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாக. யோசிச்சாக, பாவம், நெசமாவே யோசிச்சாக.

'அப்படி வரலியே'ன்னு ஒரு அம்மா சொன்னா.

எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. 'அவனை நீந்த வச்சீக, பறக்க வச்சீக, தண்ணியைப் பஞ்சாக்கினீக, எல்லையில கெடந்த சாமியைக் கூப்பிட்டு வந்து தூக்க வச்சீக, உங்க வாய் மட்டும் தொறக்காதா? கனவுல கூடத் தொறக்காதா? கல்லு சாமி எந்திரிச்சு வந்துரும், சங்கரவேல் மொதலாளிக்கு எதிர ஒரு வார்த்தை மட்டும் வராதா? எந்த பஸ்ஸுக்கும் ஒரு ஹோல்டான் உண்டுடி! கன்னுக்குட்டி குறுக்க வந்தா கண்டக்டர் ஹோல்டான்னு கத்தி வண்டியை நிறுத்துறான்! உங்க பஸ்ஸுல மட்டும் எப்பவும் ரைட்டு, ரைட்டு, ரைட்டு! போங்க, எல்லாரும் போங்க, எவளுக்கும் மாவு கிடையாது!'

கதவை இழுத்துச் சாத்தினேன். அரைச்ச மாவும் அரைக்காத அரிசியும் உள்ளயே கிடந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே சங்கரவேல் மொதலாளி வந்தாரு. எண்பதை நெருங்கியாச்சு, பாலகுரு கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. ஓட்டை பஸ்ஸுக்கு விழாக் கமிட்டி போட்டிருக்காக, அவருதான் தலைவரு. அந்தக் கிணத்தடியில பஸ்ஸும் பிள்ளைகளும் சிலையா வைக்கிறாகளாம், வர்ற ஞாயித்துக்கிழமை தொறப்பு விழாவாம்.

'சீனி, கோவப்படாத தாயி'ன்னாரு. 'உன் தம்பிக்கும் சிலை வச்சிருக்கு. நல்லா வந்திருக்கு, வந்து பாரு. கையில பெட்டியோட, பம்பாய்க்குக் கிளம்புற மாதிரி.'

நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். இல்லாட்டி அந்த வயசான மனுசன் மேல கைநீட்டிருவேன்னு பயமா இருந்துச்சு.

'இன்னொண்ணு. உங்க வீட்டுல அந்தப் பழைய டிவி இருக்கில்ல? ஊருக்கு வந்த முத கலர் டிவி. அதைச் சிலைக்குப் பக்கத்துல வச்சா சனங்க பாத்துச் சந்தோசப்படும். என்ன சொல்ற?'

'கொண்டாறேன் மொதலாளி'ன்னேன். என் வாயில இருந்துதான் வந்துச்சா அதுன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா சொன்னதும் மனசு தெளிஞ்சுபோச்சு. கல்லுல வடிச்சு நட்டு வச்சுட்டாகன்னா அதுக்கப்புறம் என் தம்பி செத்ததை இந்த உலகத்துல யாரும் நம்பப் போறதில்ல. அதுக்குள்ள ஒரு வாய் தொறந்தாகணும்.

ஞாயித்துக்கிழமை காலையில தள்ளுவண்டியில டிவியை ஏத்தி, நானும் நூர்ஜகானும் தள்ளிக்கிட்டுப் போனோம். ஊரே தோட்டத்துல கூடியிருந்துச்சு, பந்தல் போட்டு, ரேடியோக் குழாய் கட்டி, கேசரி கிண்டி. கிணத்தைச் சுத்திப் புதுக் கம்பி. அஞ்சு சிலையும் பளபளன்னு நிக்குது, என் தம்பி சிலைக்கு பேண்டு போட்டு, காலுல பூட்ஸ் மாட்டி, கையில பெட்டி. அவன் செருப்புக் கூடப் போட்டதில்ல.

டிவியைச் சிலைக்கு முன்னால இறக்கி வச்சேன். ஒயரைச் சுருட்டி டிவி தலையிலயே வச்சிருந்தேன், எங்கயும் சொருகல. ஒன்பது மணிக்கு வேட்டியை உருவினேன்.

என் டிவியில வேற கதை எதுவும் ஓடல. அன்னைக்கு நடந்ததுதான் ஓடுச்சு, கேமராவுக்கு முதுகுப் பக்கம் நடந்தது, யாரும் படம் பிடிக்காதது. கிணத்தைச் சுத்தி எங்க ஊரு சனம், முடி நரைக்காம, பல்லு விழுகாம, நேத்து மாதிரி நிக்குது. 'ஏ, அது எங்கப்பாடா', 'ஏ, அது நான்டி'ன்னு பந்தல்ல ஒரே சலசலப்பு, முதல்ல சந்தோசமாத்தான் இருந்தாக. கேரியர்ல ஏறி நின்ன நூர்ஜகான் தெரிஞ்சா. மொதலாளி வெத்தலை மென்னுக்கிட்டு நின்னாரு. புதுச்சேலை கட்டிக்கிட்டு, கூட்டத்துல நிக்கிற டீச்சரா நடிக்கச் சொன்னதுக்காகத் தலையில கனகாம்பரம் வச்சுக்கிட்டு, பிரேமாவதி டீச்சர் கேமராவைப் பாக்காத மாதிரி பாத்துக்கிட்டு நின்னாக. கைப்பிடிச் சுவத்து மேல என் தம்பி. இடுப்புல கயிறு.

கயித்துக்காரன் கேட்டான். மொதலாளி சொன்னாரு. கூட்டம் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பந்தல்ல சலசலப்பு நின்னுபோச்சு.

அப்ப டிவியில படமும் நின்னுச்சு. கெட்டுப்போயி நிக்கல, காத்து அடிக்குது, கனகாம்பரம் ஆடுது, ஒரு நாய் நடந்து போகுது, ஆனா யாரும் அடுத்ததைச் செய்யல. காக்காப் பொம்மை வாயில விசிலை வச்சபடி காத்துக்கிட்டு இருக்கு. என் தம்பி சுவத்து மேல நின்னு, டிவிக்கு உள்ள இருந்து இங்கிட்டுப் பாத்தான். ஊரைப் பாத்தான். இடுப்புக் கயித்தை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருந்தான்.

'என்னாச்சு, அடுத்தது ஓட்டு'ன்னு யாரோ சொன்னாக. மைக்குக்காரன் வந்து டிவி தலையில ரெண்டு தட்டுத் தட்டினான். வசந்தன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கேசரி ஆறுச்சு. வெயில் ஏறுச்சு. பிள்ளைக அழுதுச்சு, எந்திரிச்சுப் போகலாம்னு பாத்தவங்களுக்குக் காலு வரல, மொதலாளி வாயைத் தொறந்தாரு, மூடினாரு, பாலகுரு தண்ணி குடுத்தான். நான் டிவிக்குப் பக்கத்துல நின்னு ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன். சொல்லுங்கடா. யாராவது சொல்லுங்கடா. எனக்குச் சொல்லத் தெரியாமயா நிக்கிறேன்? நான் அன்னைக்கு அங்க இல்லையே. நீங்கதானடா இருந்தீக.

பிரேமாவதி டீச்சர் நாற்காலியில இருந்து எந்திரிச்சாக. முட்டி வலி, கையை ஊன்றி ஊன்றித்தான் எந்திரிச்சாக. அப்புறம் தொண்டையைச் செருமிட்டு, வகுப்புல அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டுல உக்கார வைக்கிற அந்தப் பழைய குரல்ல சொன்னாக.

'டேய் காளிராசு! சுவத்தை விட்டு இறங்கு கீழ. உனக்குத்தான் நீச்சல் தெரியாதுல்ல? இறங்குடா!'

என் தம்பி உடனே இறங்கிட்டான். டீச்சர் சொன்னா எந்தப் பிள்ளையும் இறங்கும்ல, அப்படித்தான். சுவத்துல இருந்து குதிச்சு, இடுப்புக் கயித்தை அவுத்துப் போட்டு, டவுசர்ல கையைத் துடைச்சுக்கிட்டு, 'சரி டீச்சர்'னு சொல்லிட்டு, எங்க வீட்டுப் பக்கமா நடந்து படத்தை விட்டு வெளிய போயிட்டான். டிவிக்குள்ள இருந்த சனம் கலைஞ்சு சாப்பிடப் போச்சு. கயித்துக்காரன் கயித்தைச் சுருட்டினான். கயிறு நனையவே இல்ல.

பந்தல்ல இருந்த அத்தனை பேரும் தலையைத் திருப்பி எங்க தெருவைப் பாத்தாக. நானும் பாத்தேன். வெயிலும் புழுதியும்தான் இருந்துச்சு. டிவி அணைஞ்சுபோச்சு.

டீச்சர் அழுதுக்கிட்டே என் கையைப் பிடிச்சாக. நான் ஏதோ நல்லது சொல்வேன்னு மூஞ்சியைப் பாத்தாக.

'இவ்வளவுதானா டீச்சர்?'ன்னு கேட்டேன். 'இவ்வளவுதானா? ஒரு வார்த்தையில இறங்கியிருப்பானா? இவ்வளவு லேசா? ஐயோ, இவ்வளவு லேசா?'

என் சத்தம் மில்லுச் சத்தத்தைத் தாண்டிப் போச்சு. போகும்போது என் தம்பி சிலை கையில இருந்த பெட்டியை, பந்தல்காரன்கிட்ட சம்மட்டி வாங்கி நானே உடைச்சேன். சம்மட்டி பிடிக்கிறது எங்க குடும்பத்துக் கை, ஒரே அடிதான். யாரும் தடுக்கல, அதுக்கும் சும்மாதான் நின்னாக.

அதுக்கப்புறம் எந்த வீட்டு டிவியிலயும் ஓட்டை பஸ் வரல. மறுநாள் காலையில மில்லைத் தொறந்தேன். வழக்கம்போல டப்பாவோட வரிசை, மொதலாளி வீட்டு அரிசி, டீச்சர் வீட்டுக் கோதுமை, தலை குனிஞ்ச மூஞ்சிக. நான் கடைசியில இருந்த வத்தல் மூட்டையை எடுத்து முதல்ல கொட்டினேன். மெயினைப் போட்டேன்.

காரம் எழும்பி மில்லு முழுக்க நிறைஞ்சுச்சு. இருமினாக, கண்ணு கலங்கினாக, முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டாக, அடுத்தது தங்களோட மாவுதான், காரமாயிரும்னு எல்லாருக்கும் தெரியும், மில்லுச் சட்டம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும். இருமிக்கிட்டே நின்னாக. நானும் இருமிக்கிட்டே, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த, கையெடுக்காம அள்ளிப் போட்டேன்.

வரிசைக் கடைசியில இருந்து நூர்ஜகான் கத்தினா.

'அக்கா! போதும், நிறுத்துங்கக்கா!'

உடனே மெயினை இறக்கினேன். பட்டை ரெண்டு சுத்து சுத்தி ஓய்ஞ்சுச்சு.

'பாருங்க, நின்னுருச்சு'ன்னேன்.